சிறார்களுக்கு வரலாறும் குடிமையியலும் எழுதப் போகும் வழக்கறிஞருக்கு: வேலூர்ப் பக்கத்து எடுத்துக்காட்டுகளோடு ஒரு கையேடு

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வரலாறு எழுத உட்காரும் வழக்கறிஞரிடம் இரண்டு பழக்கங்கள் ஊறிப்போயிருக்கும். இதை யார் சொன்னார், கண்ணால் பார்த்தாரா, கேள்விப்பட்டதைச் சொல்கிறாரா என்று கேட்பது ஒன்று. இந்தப் பழக்கம் சிறார் நூல்களுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. நிபந்தனைமேல் நிபந்தனை போட்டு வாக்கியத்தை நீட்டுவதும், தன் தரப்பை மட்டும் கட்டி எழுப்புவதும் மற்றொன்று. இதைப் பார்த்தால் பிள்ளைகள் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்கள். முதல் பழக்கத்தைப் புத்தகத்துக்குள் கொண்டுவர வேண்டும், இரண்டாவதை சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்திலேயே விட்டுவிட வேண்டும். எடுத்துக்காட்டுகள் எல்லாம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தவை.

முதலில் தலைப்பு. ‘இந்திய விடுதலைப் போர்’, ‘நமது அரசியலமைப்பு’ என்று தொடங்க வேண்டாம். 64 பக்கமோ 80 பக்கமோ உள்ள சிறார் நூல் ஒரே ஒரு நிகழ்வைத்தான் உருப்படியாகத் தாங்கும். பிள்ளை நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய இடமாகவும், மூல ஆவணம் உங்கள் கைக்குக் கிடைக்கிற விஷயமாகவும் இருக்க வேண்டும். ஆவணம் கிடைக்காத தலைப்பு எவ்வளவு சுவையாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதில் உங்கள் தொழில் திறமைக்கு வேலை இல்லை.

1806: சாட்சிகளை வரிசையாக நிறுத்துவது

வேலூர்க் கோட்டையை எடுத்துக்கொள்வோம். 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்குப் புது உடை விதிகள் வந்தன. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தலைப்பாகைக்குப் பதிலாகப் புதுவிதத் தொப்பி. 1806 மே மாதம் எதிர்ப்புத் தெரிவித்தவர்களில் ஒரு இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 90 கசையடி. ஜூலை 10 விடிவதற்கு முன் கோட்டைக்குள் எழுச்சி வெடித்தது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து அன்றைக்கே அடக்கினார். கோட்டையில் காவலில் இருந்த திப்புவின் குடும்பம் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இவ்வளவும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. நீங்கள் கூடுதலாகத் தரக்கூடியது சாட்சிகளைப் பற்றிய ஓர் அத்தியாயம். ஒரு தாளை மூன்றாக மடித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் சாட்சியின் பெயர், இரண்டாவதில் அவர் அன்று எங்கே இருந்தார், மூன்றாவதில் அங்கிருந்து அவருக்கு எது தெரிந்திருக்க முடியும், எது தெரிந்திருக்க முடியாது. கோட்டைத் தலைவர் ஃபேன்கோர்ட்டின் மனைவி அமீலியா, சம்பவம் நடந்து இரண்டு வாரம் கழித்து எழுதிய குறிப்பு இருக்கிறது. கணவர் கொல்லப்பட, குழந்தைகளோடு தப்பியவர் அவர். வெளியே கேட்ட சத்தத்துக்கும் தான் பட்ட பயத்துக்கும் அவர் நேரடிச் சாட்சி. சிப்பாய்கள் தங்களுக்குள் என்ன பேசினார்கள் என்பதற்கு அவர் சாட்சி ஆக மாட்டார். அடுத்து, ஆங்கிலேயர் நடத்திய விசாரணையில் சிப்பாய்கள் கொடுத்த வாக்குமூலங்கள். உயிர் ஊசலாடும் நிலையில், வேற்று மொழி அதிகாரி முன்னால், மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னவை அவை. காவலில் கொடுத்த வாக்குமூலத்தை எப்படி எடைபோடுவது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதையே பிள்ளைக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள்: ‘பயத்தில் இருப்பவர் முழுவதையும் சொல்வாரா? அவர் சொன்னதை வேறொருவர் எழுதினால் எது விடுபடும்?’

இந்த அட்டவணையைப் புத்தகத்தில் அப்படியே அச்சிடலாம். மூன்றாம் பத்தியைக் காலியாக விட்டுப் பிள்ளையையே நிரப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

எண்ணிக்கையில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. மாண்ட சிப்பாய்கள் 350 என்று ஒரு கணக்கும் 800 என்று இன்னொரு கணக்கும் புழக்கத்தில் உள்ளன. எழுதுபவர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு உறுதியாக எழுதிவிடுகிறார். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டையும் கொடுத்து, ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு ஒரு வரி போதும்: கோட்டைக்குள் இறந்தவர்களை மட்டும் எண்ணினார்களா, தப்பியோடி வெளியே இறந்தவர்களையும் சேர்த்தார்களா, யார் எண்ணினார்கள். ‘உறுதியாகத் தெரியவில்லை’ என்று புத்தகமே சொல்வதைப் பார்க்கும் பிள்ளை, மற்ற பக்கங்களை இன்னும் அதிகமாக நம்பும்.

வழக்கறிஞர் கண்ணுக்கு மட்டும் பளிச்சென்று படுகிற ஒரு இடம் இந்த நிகழ்வில் உண்டு. அரண்மனைப் பகுதியில் ஒளிந்திருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணை கிடையாது. பின்னர் முறைப்படி விசாரித்துத் தண்டித்தவர்கள் தனி: பீரங்கி வாயில் 6 பேர், துப்பாக்கியால் 5 பேர், தூக்கில் 8 பேர், நாடு கடத்தல் 5 பேர். பொது வரலாற்று நூல்கள் இரண்டையும் ‘கடுமையாக ஒடுக்கப்பட்டது’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் போட்டு மூடிவிடும். நீங்கள் பிரித்துக் காட்டுங்கள். விசாரணை என்பது ஏன் வேண்டும் என்ற குடிமையியல் பாடம் இங்கேயே, வேலூர்க் கோட்டைச் சுவரிலேயே இருக்கிறது. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இந்த மாவட்டத்தில் கிடைக்காது. ஆனால் 1806ஐ 21ஆம் உறுப்பால் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அந்த உறுப்பு நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26இல். அன்று இருந்தது கம்பெனி ராணுவத்தின் சட்டம். எது எப்போது வந்தது என்பதை ஒரு காலக்கோட்டில் காட்டிவிடுங்கள்.

கொலைகளை மறைக்கவும் வேண்டாம், ரத்தத்தை வர்ணிக்கவும் வேண்டாம். யார் யாரை, எங்கே, எத்தனை பேரை என்பதோடு நிறுத்துங்கள்.

விரிஞ்சிபுரம் கல்வெட்டு

இரண்டு பக்கத்தில் முடியக்கூடிய சிறிய அத்தியாயம் வேண்டுமென்றால் விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோயிலுக்குப் போங்கள். விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் காலத்துக் கல்வெட்டு, சக ஆண்டு 1347, அதாவது கி.பி. 1425 வாக்கில் பொறித்தது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள், அவர்களில் கன்னடியர், தமிழர், தெலுங்கர் என எல்லோருக்கும் பொதுவாக, பெண்ணுக்குப் பொன் வாங்கிக்கொண்டு திருமணம் செய்யக் கூடாது, கன்னிகாதானமாகவே செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். மீறினால் அரச தண்டனை, சமூக விலக்கு. கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்குமே. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டமும் கொடுப்பது, வாங்குவது இரண்டையும் குற்றமாக்குகிறது. ஒப்பிடும்போது ஒரு தவறு நேர்ந்துவிடும்: கல்வெட்டு தடுப்பது பெண்ணின் தகப்பன் வாங்கும் பொன்னை, இன்றைய வரதட்சணை எதிர்த்திசையில் போகிறது. இதைச் சொல்லாமல் ‘அன்றே வரதட்சணையை ஒழித்தார்கள்’ என்று எழுதினால் அது பொய். கல்வெட்டின் வாசகத்தை ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாலாறு தீர்ப்பைப் பிள்ளைக்குச் சொல்வது

குடிமையியலுக்கு நம் பக்கத்தில் இருக்கிற பெரிய செல்வம், தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு மாசுபடுவதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. வாணியம்பாடியில் படிக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது தன் ஆற்றைப் பற்றிய வழக்கு என்பது தெரியாது. இந்தக் குறையைத் தீர்க்க ஒரு புத்தகம் எழுதினால் அதுவே பெரிய காரியம்.

தீர்ப்பை முதல் பத்தியிலிருந்து சுருக்கிக்கொண்டே போகாதீர்கள். சுருக்கம் எப்போதும் சட்டப் புத்தகமாகத்தான் வந்து நிற்கும். ஐந்து கேள்விகளுக்கு விடை எடுங்கள். யாருக்கு என்ன கஷ்டம்? யாரிடம் போனார்கள், ஏன் நேராக உச்ச நீதிமன்றத்துக்கு? என்ன கேட்டார்கள்? எதிர்த்தரப்பு என்ன சொன்னது? நீதிமன்றம் என்ன சொன்னது, பிறகு என்ன ஆனது? இரண்டாவது கேள்வியில், அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றம் போக இடம் தரும் 32ஆம் உறுப்பு தானாக வந்துவிடும். ஐந்தாவதில் இரண்டு கோட்பாடுகள் வரும்: கேடு நேரும் முன்பே தடுக்க வேண்டும் என்பது ஒன்று, மாசுபடுத்தியவரே சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது மற்றொன்று. நம் வீட்டுத் துணி துவைத்த தண்ணீரை அடுத்த வீட்டு வாசலில் கொட்டினால் யார் கழுவிவிட வேண்டும் என்று கேட்டாலே இரண்டாவது புரிந்துவிடும். எண்கள் சிலவற்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் என்று தீர்ப்பே சொல்கிறது. ஐந்து மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம்.

நான்காவது கேள்வியில் நிதானம் வேண்டும். உங்கள் வாசகரில் பலருடைய அப்பா அம்மா ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தோல், காலணித் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள். தொழிற்சாலை என்றாலே வில்லன் என்று எழுதினால், அந்தப் பிள்ளை தன் வீட்டையே குற்றவாளிக் கூண்டில் பார்க்கும். இந்தத் தொழில் வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் தருகிறது என்பதைத் தீர்ப்பே ஒப்புக்கொண்டு, ஆனாலும் சுற்றுச்சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்கிறது. அந்த ‘ஆனாலும்’தான் அத்தியாயத்தின் உயிர். அதை விடாதீர்கள். தீர்ப்போடு எல்லாம் சரியாகிவிட்டது என்றும் முடிக்காதீர்கள். பாலாற்றுத் தோல் கழிவு குறித்து 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புத் தர வேண்டியிருந்தது.

தீர்ப்பில் ‘வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்’ என்று இருக்கும். ராணிப்பேட்டைப் பிள்ளைக்கு அது எந்த ஊரோ. ஆகவே புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒரு சிறு கட்டம் போடுங்கள். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானதும் வட ஆற்காட்டின் தலைநகர் வேலூர் ஆனது. 1989இல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது. 1990களின் பிற்பாதியில் வேலூர் மாவட்டம் என்ற பெயர் வந்தது. 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது.

இந்தப் பிரிவினையே ஒரு குடிமையியல் பாடம். மற்ற மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. நம் மூன்று மாவட்டங்கள் உட்பட 9 மாவட்டங்களில் மட்டும் நடக்கவில்லை. புதிதாகப் பிரித்ததால் தொகுதி வரையறையை முடித்துவிட்டு நடத்துங்கள் என்றது உச்ச நீதிமன்றம். 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் நடந்தது. ‘சேலத்து மாமா ஊரில் தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டதே, நம் ஊரில் ஏன் அப்போது முடியவில்லை?’ என்ற கேள்விக்கு ஐந்தாண்டு வரம்பு சொல்லும் 243இ உறுப்புதான் விடை. 2019 மக்களவைத் தேர்தலும் அப்படியே. ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, 16ஆம் தேதி வேலூருக்கு மட்டும் ரத்து, பிறகு ஆகஸ்ட் 5இல் வாக்குப்பதிவு. தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது, அறிவிப்பைத் திரும்பப் பெற்றவர் குடியரசுத் தலைவர். யார் பரிந்துரைப்பது, யார் கையெழுத்திடுவது என்ற வேறுபாட்டைக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. கட்சி, வேட்பாளர் பெயர் எதுவும் தேவையில்லை. பெயரைப் போட்டால் பள்ளி வாங்காது, பாடமும் கெட்டுவிடும்.

மொழி

மேற்படி, அன்னார், நாளது, பிரஸ்தாபம், இன்னபிற: இவற்றைத் தேடி எடுத்து நீக்குவது சுலபம். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொள்வது ‘பட்டது’. உத்தரவு பிறப்பிக்கப்பட்டது, சொத்து பறிமுதல் செய்யப்பட்டது. வரலாற்று நூலில் இது நடையை இழுப்பதோடு செய்தவரையும் மறைத்துவிடும். ஒவ்வொரு ‘பட்டது’க்கும் முன்னால் ‘யாரால்?’ என்று எழுதிப் பாருங்கள். விடை தெரிந்தால் அவரை எழுவாயாக்குங்கள். தெரியாவிட்டால் இன்னும் ஆராய வேண்டும் என்று பொருள்.

வாக்கியத்துக்கு 8 முதல் 12 சொல், ஒரே வினைமுற்று. ஓர் அத்தியாயத்துக்கு மூன்று புதிய சட்டச் சொற்களுக்கு மேல் வேண்டாம். மனு, சாட்சி, ஜாமீன், மேல்முறையீடு போன்றவற்றைத் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் செய்தியில் கேட்கிற சொற்கள்தாம். 21ஆம் உறுப்பை இப்படி எழுதலாம்: ‘உன் உயிரையோ சுதந்திரத்தையோ அரசு தன் இஷ்டத்துக்குப் பறிக்க முடியாது. சட்டம் சொல்லும் வழியில்தான் போக முடியும்.’ பக்கத்திலேயே ‘நீ என்றால் இந்தியக் குடிமகன் மட்டுமல்ல, இந்த மண்ணில் நிற்கும் யாரும்’ என்று சேர்த்துவிடுங்கள்.

எளிமைப்படுத்தும்போது பிழை நுழையும் இடங்கள் பெரும்பாலும் இவையே. வாக்களிப்பதை அடிப்படை உரிமை என்று எழுதிவிடுகிறார்கள், அடிப்படை உரிமைகளைச் சொல்லும் அரசியலமைப்பின் மூன்றாம் பகுதியில் அது இல்லை. சொத்துரிமையை இன்னும் அடிப்படை உரிமைப் பட்டியலில் வைக்கிறார்கள், 1978இன் 44ஆம் திருத்தம் அதை 300ஏ உறுப்புக்கு மாற்றிவிட்டது. இலவசக் கட்டாயக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் என்கிறார்கள், 21ஏ சொல்வது 6 முதல் 14 வயது வரை. சிறார் நூலில் வரும் பிழை ஆயுளுக்கும் மனதில் நிற்கும்.

தொழில் விதிகளும் பதிப்புச் சட்டமும்

பார் கவுன்சில் விதிகள் எழுதுவதைத் தடுக்கவில்லை. 51ஆம் விதி இதழியல், சொற்பொழிவு, கற்பித்தல் போன்றவற்றை விளம்பரத் தடைக்கும் முழுநேர வேலைத் தடைக்கும் உட்பட்டு அனுமதிக்கிறது. சிக்கல் வருவது பின்னட்டையில். ‘குடும்ப வழக்குகளில் நிபுணர்’, அலுவலக முகவரி, கைபேசி எண் என்று போட்டால் 36ஆம் விதியின் விளம்பரத் தடை குறுக்கே நிற்கும். பெயர், ‘வழக்கறிஞர், வேலூர்’, எழுதிய நூல்கள் போதும். நீங்களே பதிப்பகம் தொடங்கி நடத்துவது 47ஆம் விதியில் சொந்தத் தொழில் ஆகிவிடும். வேறு பதிப்பகத்திடம் கொடுங்கள்.

உங்கள் கட்சிக்காரர் வழக்கை எடுத்துக்காட்டாக்காதீர்கள். ஊர் பேர் மாற்றினாலும், வேலூர் மாதிரி ஊரில் ஆள் தெரிந்துவிடும். ரகசியம் காக்கும் கடமை வழக்கு முடிந்தபிறகும் முடிவதில்லை. சிறார் தொடர்பான வழக்குகளில் பெயர் மட்டுமல்ல, பள்ளி, முகவரி, அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் குற்றம். போக்சோ 23ஆம் பிரிவும் உண்டு. சொந்த வழக்கைத் தேடிப்போக வேண்டியதில்லை, அச்சான தீர்ப்புகளே போதும்.

தீர்ப்பின் வாசகத்தை எடுத்தாளப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. சட்ட இதழ்கள் தீர்ப்புக்கு மேலே எழுதிச் சேர்க்கும் சுருக்கமான தலைக்குறிப்பு அந்த இதழுக்குச் சொந்தம், அதை எடுக்காதீர்கள். காக்ஸ் எழுதி 1881இல் வந்த வட ஆற்காடு மாவட்டக் கையேடு போன்ற பழைய நூல்களுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. இந்திய வரைபடம் சர்வே ஆஃப் இந்தியாவின் எல்லைகளோடு பொருந்த வேண்டும், தவறினால் குற்றம். 1806 வரைபடத்தில் இன்றைய மாநில எல்லைகளைப் போட்டுவிடாதீர்கள். அட்டையில் சிங்க முத்திரை அழகாகத்தான் இருக்கும், ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும்.

பதிப்பக ஒப்பந்தத்தில் காலமும் நிலப்பரப்பும் எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாவிட்டால் 19ஆம் பிரிவின்படி காலம் 5 ஆண்டு, எல்லை இந்தியா. மற்றவர்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பவர்கள் தம் புத்தகத்துக்கு வாய்ப்பேச்சோடு விடுவது நல்லதல்ல.

படிக்கக் கொடுத்துப் பார்த்தல், அச்சு

ஒரு அத்தியாயம் முடிந்ததும் ஐந்தாறு பிள்ளைகளிடம் கொடுங்கள். உங்கள் சொந்தப் பிள்ளை வேண்டாம். பள்ளியில் என்றால் தலைமையாசிரியர் அனுமதியோடு. பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள். ‘பிடித்ததா?’ என்று கேட்டால் ‘ம்’ என்பார்கள், அதனால் பயனில்லை. மூடிவைத்துவிட்டுத் தம் சொல்லில் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே இடத்தை மூன்று பேர் தாண்டிப்போனால் அந்தப் பத்தியை அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். ஒட்டுப்போட்டுச் சரியாகாது.

டெம்மி என்னும் வழக்கமான புத்தக அளவில், 13 அல்லது 14 புள்ளி எழுத்தில், படம் இல்லாத பக்கத்துக்கு 150 சொல் வாக்கில் பிடிக்கும். 16 பக்கம் ஒரு பாரம், ஆகவே மொத்தம் 64, 80, 96 என்று வரும்படி திட்டமிடுங்கள். மாறக்கூடிய தகவல்கள் எல்லாவற்றையும் கடைசிப் பாரத்தில் சேர்த்து வையுங்கள்: சட்டப் பிரிவு எண்கள், ஆண்டுக்கு 6 கிராம சபை நாட்களின் தேதிகள், உதவி எண்கள். 2024 ஜூலை 1இல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, பிரிவு எண்களைப் புத்தகம் முழுக்கத் தூவியிருந்தவர்கள் எல்லாப் பாரத்தையும் திருத்த வேண்டியிருந்தது. ஒரே பாரத்தில் இருந்தால் அடுத்த அச்சில் அதற்கு மட்டும் புதுப் பிளேட் போட்டால் போதும்.